பிப்ரவரி முப்பதாம் தேதிப் பக்கம்

ஜனவரி 3, 1974, வியாழன்

புது வருஷத்துக்கும் இந்த டைரிக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தங்கப்பழம் அண்ணாச்சி அச்சகத்து பைண்டிங்கில் கழித்துப் போட்ட டைரி இது. பிப்ரவரி மாதத்துக்கு முப்பது நாள் அடித்துவிட்டார்களாம். அத்தான் ஒன்றைக் கொண்டுவந்து, "கனி, உனக்கு மட்டும் ஆண்டவர் ரெண்டு நாள் கூடக் குடுத்திருக்காரு" என்று கையில் கொடுத்தார்கள்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சத்தை வேதப் புத்தகமும், சாமான் பொட்டலம் கட்டி வந்த தாள்களும் சொல்லிக்கொடுத்தன. எதையும் எண்ணி எழுதி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தனி நோட்டு இருக்கிறது. இதில் படக் கணக்கு மட்டும் எழுதுவேன்.

தங்கப்பழம் அண்ணாச்சி அச்சகத்திலிருந்து மாதாமாதம் சித்திரக்கதைப் புத்தகம் வரப்போகிறது. அமெரிக்காவில் இருபது வருஷத்துக்கு முன்னால் வந்த கதைகள், பம்பாய் ஏஜெண்ட் மூலமாகத் தாள் தாளாக, இரண்டு படியாக வருகின்றன; ஒரு படி அச்சகத்திலேயே இருக்கும். படத்தில் பேசுகிறவர்கள் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை வட்டத்துக்குப் பலூன் என்று பெயர். அதற்குள் இருக்கும் இங்கிலீஷை வெள்ளை பூசி மறைத்துவிட்டு அத்தான் தமிழ் எழுத வேண்டும். தமிழுக்கு இடம் அதிகம் வேண்டும். பலூனைப் பெரிதாக்கினால் பின்னால் இருக்கும் சுவர், மரம், தொப்பி எல்லாம் வெட்டுப்படும். அவற்றைத் திரும்ப வரைய வேண்டும்.

முதல் வேலை கோடை மலர், தொண்ணூற்றாறு பக்கம். மார்ச் கடைசிக்குள் முடிய வேண்டும். சரியாக வந்தால் மாத வேலை நமக்கு. இல்லாவிட்டால் மதுரையில் ஒருவரைப் பார்த்து வைத்திருப்பதாக அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காலண்டர் கம்பெனியில் அத்தானை நிறுத்தி நான்கு மாதமாகிறது. இந்த வேலை வந்ததே கிருபை.

ஜனவரி 11

ஆறு கட்டம் முடிந்தது. நிப்பு ஒன்று உடைந்தது.

காலையில் அத்தானுடைய கைக்குக் கொஞ்சம் குளிர். வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடுத்தேன். சிவகாசியில் குளிரா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். மார்கழிதானே என்றேன்.

ஜனவரி 19

மேஜை ஆடுகிறது. காலுக்குக் கீழே தீப்பெட்டி அட்டையை மடித்து வைத்தேன். அப்புறமும் கோடு அலைந்தது. இன்னொரு அட்டை வைத்தேன். அத்தான் நிப்பைக் கீழே வைத்தார்கள். "மேஜைக்கு ஒண்ணுமில்ல கனி" என்றார்கள்.

நிப்பு மூன்று. வெள்ளை அரைக் குப்பி.

பிப்ரவரி 2

கறுப்பு நிரப்புவது சின்ன வேலை. கோட்டுக்குள்ளே மையை ஊற்றி இழுத்தால் போதும், கோலத்துக்குச் செம்மண் கட்டுகிற மாதிரி. (நாங்கள் கோலம் போடுவதில்லை. பார்த்திருக்கிறேன்.) அத்தானுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று நான் நிரப்பினேன். பிறகு கப்பல் கயிறு. பிறகு செங்கல் சுவர். செங்கல் வரைய யாருக்குத்தான் வராது?

இன்று பதினான்கு கட்டம். நன்றாக நடக்கிறது. ஸ்தோத்திரம்.

பிப்ரவரி 14

கதையில் துறைமுக இன்ஸ்பெக்டர் ஒருவர். அவருடைய மனைவி ஹெலன். நல்ல பெண், வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறாள். ஆனால் கழுத்து மூளியாக இருக்கிறது. நான்காம் பக்கத்திலிருந்தே என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அவர்கள் ஊரில் மோதிரம்தான் என்று அத்தான் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் வாசிக்கப் போவது நம் ஊர்ப் பிள்ளைகள் அல்லவா? கட்டிக்கொடுத்த பெண் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் புருஷனுக்குக் காபி ஊற்றுவதை எப்படி விடுவது? மெல்லிய சங்கிலி ஒன்று போட்டேன். நுனியில் ஒரே ஒரு புள்ளி. முன்பக்கங்களுக்கும் போய் எல்லாவற்றிலும் போட்டு வந்தேன். மனசு நிறைந்திருந்தது.

இன்று பதினொரு கட்டம்.

பிப்ரவரி 21

இந்தப் படங்களை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதால் ஒன்று தெரிகிறது. ஆண்களுடைய கோட்டு மடிப்பெல்லாம் பிரஷ்ஷில் ஒரே வீச்சு. பெண்களுடைய தலைமுடி, எல்லாருடைய கைவிரல், தண்ணீர், இவையெல்லாம் நிப்பு. மெல்லிசாக, விட்டு விட்டுப் போட்ட கோடு. அவசரப்படாத கோடு. ஒரே ஆள் இப்படி இரண்டு விதமாக மூச்சு விட முடியாது. அத்தானிடம் சொன்னேன். தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார்கள்.

பிப்ரவரி 28

நாற்பத்தெட்டு பக்கம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தேதி தவறவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். அண்ணாச்சி, "எபநேசருக்குக் கை முன்னைக்கு இப்போ நல்லா ஓடுது" என்றார்களாம். அத்தான் வந்து சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்கள்.

பிப்ரவரி 30

இப்படி ஒரு நாள் கிடையாது. ஆகையால் இதை எழுதினால் தப்பில்லை.

இதுவரை மொத்தம் 288 கட்டம். அத்தான் 70. நான் 218. எழுத்தும் சேர்த்து. பிப்ரவரி பத்தாம் தேதிக்குப் பிறகு அத்தான் ஒன்றுமில்லை.

கணக்கில் பொய் எழுதியதில்லை. எழுதாமல் விட்டது மட்டும் உண்டு. ஆண்டவரே, மன்னியும்.

மார்ச் 9, சனி

பம்பாயிலிருந்து மூன்றாவது கட்டு வந்தது. கதையை இங்கிலீஷிலிருந்து தமிழாக்குகிறவர் ஆவுடையப்பன் சார். ஹைஸ்கூலில் வாத்தியாராக இருந்தவர், அடுத்த தெரு. வசனத் தாளைக் கொண்டுவந்து, உட்கார்ந்து வாசித்துக்காட்டினார். அறுபத்தோராம் பக்கம் வந்ததும் என் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவ பொஞ்சாதியே இல்லம்மா" என்றார் சார். "கடத்தல்காரன் அனுப்பின ஆளு. சாவி எடுக்க வந்தவ. கல்யாணம் பண்ணி வச்ச பாதிரியும் வேஷம்."

அறுபத்திநான்கு கட்டத்தில் சங்கிலி போட்டிருக்கிறேன். எண்ணிவைத்திருக்கிறேன். எல்லாம் அச்சுப் பிளேட் ஆகிவிட்டது. கட்டுக்கட்டாகத்தானே கதை வருகிறது, முடிவு எனக்கு எப்படித் தெரியும்?

அத்தான் சிரித்தார்கள். எத்தனை நாளைக்குப் பிறகு! கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "தாலி எடுத்துக் குடுத்தவ நீ. இப்போ பஞ்சாயத்தும் நீதான் பண்ணணும்" என்றார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. போலிக் கல்யாணத்துக்குச் சங்கிலி போட்டவள் நான்.

மார்ச் 12

வழி கிடைத்தது. அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஹெலன் ஒரு இழுவைப் படகின் ஓரத்தில் நின்று மோதிரத்தைக் கழற்றிக் கடலில் எறிகிறாள். வேஷத்தோடு வந்தவள் நிஜமாகவே அவர்மேல் பிரியமாகிவிட்டாள், இனி ஏமாற்ற மனசில்லை. படத்தில் விரலும் மோதிரமும் தண்ணீரும் மட்டும்தான். பலூனைக் கொஞ்சம் மேலே தள்ளினேன். மோதிரத்துக்குப் பின்னாலேயே சங்கிலியும் விழுகிற மாதிரி போட்டேன். அடுத்த கட்டத்திலிருந்து கழுத்து வெறுமை.

போடும்போது என் கை ஒன்று தானாகக் கழுத்துக்குப் போயிற்று. ஒரே ஒரு கட்டம்தான், முழு நாள் ஆயிற்று.

மார்ச் 20

ஒருவர் வரைந்த படத்தில் கேட்காமல் கை வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். யாரிடம் என்று தெரியவில்லை. இதுவரை வந்த பக்கம் எதிலும் வரைந்தவர் பெயர் கிடையாது. கம்பெனி பெயர் மட்டும் இருக்கிறது.

சாரிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வழக்கமே அதுதானாம். ஒருவர் பென்சிலில் போடுவார், இன்னொருவர் மையில், எழுத்துக்கு வேறொருவர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. படம் கம்பெனிக்குச் சொந்தம். அச்சானதும் அசல் தாளைக் கிழித்துப் போட்டதும் உண்டாம். நடுவில் ஒரு காலம், இந்தப் புத்தகங்களால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்துக்காரர்களும் கோயில்காரர்களும் தெருவில் குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். பிறகு கம்பெனிகளே கூடிச் சட்டம் போட்டுக்கொண்டன: கெட்டவன் ஜெயிக்கக் கூடாது, பெண்கள் உடை அடக்கமாக இருக்க வேண்டும்.

கொளுத்தினார்கள் என்றதும் எனக்குப் பகீரென்றது. நம் உபதேசியாரும் இந்தப் புத்தகத்தைப் பற்றி அப்படித்தான் பேசுகிறார். ஆனால் சார் போன பிறகு தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் ஹெலனுடைய கவுனுக்குக் கழுத்தோரம் ஒரு கோடு பிறகு சேர்த்தது, தடிமன் வேறு. அங்கேயும் யாரோ மேலே ஏற்றி வரைந்திருக்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று ஒரு ஆறுதல்.

மார்ச் 23

பெயர் கிடைத்துவிட்டது! இழுவைப் படகின் பக்கவாட்டில், கயிற்றுக்குக் கீழே, எறும்பு சைஸில் எழுத்து. அலைகளை நான் திரும்ப வரைந்தபோது அழுக்கு என்று நினைத்துத் தப்பவிட்டிருந்தேன். வடிவத்தை அப்படியே பெரிதாக எழுதிச் சாரிடம் காட்டினேன். சிட் லெம்பெக், 53 என்று வாசித்தார். யாருக்கும் தெரியாமல் ஒளித்து எழுதியிருக்கிறார், பாவம்.

இன்னொன்றும் உண்டு. பெண்கள் வருகிற பக்கங்களில் எல்லாம் எங்கேயாவது ஒரு பூ இருக்கிறது. தட்டில், திரைச்சீலையில், ஒரு இடத்தில் சோப்புப் பெட்டிமேல். ஐந்து இதழ். எண்ணினேன், இருபத்திரண்டு பக்கத்தில் இருக்கிறது. இது லெம்பெக் போட்டதில்லை. நிப்புக் கோடு. கைவிரல்களும் தண்ணீரும் வரைந்த ஆள் போட்டது. பெயர் எழுதக்கூடத் துணிச்சல் இல்லாமல் பூவை எழுதியிருக்கிறது அந்த ஆள். சாரிடம் சொன்னேன். "பூன்னா வெறும் பூவாவும் இருக்கலாம்மா" என்றார். அவர் படம் வரைவதில்லை.

மார்ச் 30

கடைசிக் கட்டும் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் ஹெலனுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நிஜப் பாதிரி முன்னால் நிஜக் கல்யாணம். புதுச் சங்கிலி போட்டேன், முந்தியதைவிடக் கொஞ்சம் தடிமனாக. இரட்டை ஸ்தோத்திரம்.

மொத்தம் 571 கட்டம். நிப்பு 33.

ஏப்ரல் 12, பெரிய வெள்ளி

மாத வேலை நமக்கே வந்துவிட்டது. இன்று மட்டும் லீவு. அத்தான் கோயிலில் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். நானும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 18

சார் இங்கிலீஷில் எழுதிய கடிதம் இன்று தபாலில் போயிற்று, கம்பெனி விலாசத்துக்கு. நான் சொன்னது இவ்வளவுதான்: ஐயா லெம்பெக் அவர்களுக்கும், கைவிரல்களும் தண்ணீரும் வரைந்தவருக்கும், உங்கள் படத்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நன்றி. ஒரு சங்கிலி சேர்த்துவிட்டேன். மன்னிக்கவும்.

மே 6

கோடை மலர் வந்துவிட்டது. மை மணம் இன்னும் போகவில்லை. அத்தான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். அறுபத்திரண்டில் நின்றுவிட்டு, சத்தமில்லாமல் மூடி, வேதப் புத்தகத்தின் மேலே வைத்தார்கள். வேதத்தின் மேல் எதையும் வைக்கக் கூடாது என்று நான் எடுத்துக் கீழே வைத்தேன்.

மே 29, புதன்

இதை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

பத்து மணிக்கு அண்ணாச்சி சொல்லாமல் வந்துவிட்டார்கள். கதவு திறந்திருந்தது. நான் மேஜையில் இருந்தேன், கையில் நிப்பு. அத்தான் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். பூண்டுத்தோல் முறத்துக்கு வெளியேதான் அதிகம் கிடந்தது. அண்ணாச்சி வாசலில் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். நான் எழுந்து முக்காடு போட்டேன். விரலில் மை.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கட்டுக் கடிதத்தை மேஜையில் போட்டார்கள். வாசகர்கள் எழுதியவை. பாதிக்கு மேல் அந்த ஒரே கட்டத்தைப் பற்றி. சாத்தூரிலிருந்து ஒரு அம்மா, அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு அன்று சமைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். அண்ணாச்சி அச்சகத்தில் இருக்கும் பம்பாய்ப் படியை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் மோதிரம் மட்டும் இருந்தது.

"எபநேசரை எனக்குப் பதினஞ்சு வருஷமாத் தெரியும்" என்றார்கள். என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். "பொம்பளை படம் போட்டாக் காதை மறந்துருவான். இந்தப் புத்தகத்துல கம்மல் திருகாணி வரைக்கும் இருக்கு. யாரும்மா போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொல்லிவிட்டார்கள். முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினார்கள். கை ஆடியது.

"கை போயிருச்சு அண்ணாச்சி."

இந்த வீட்டில் அந்த வார்த்தையை இன்றுதான் முதல்முறை கேட்டேன். ஜனவரியிலிருந்து நாங்கள் குளிர் என்றோம், மேஜை என்றோம், நிப்பு என்றோம்.

எத்தனை பக்கம் என்று அண்ணாச்சி கேட்டார்கள். நான் இந்த டைரியை எடுத்துவந்து பிப்ரவரி முப்பதைத் திறந்து கொடுத்தேன். வாசித்தார்கள். தேதியைப் பார்த்தார்கள்.

"பிப்ரவரிக்கு ஏது முப்பது?"

"உங்க பைண்டிங்ல அடிச்சதுதான் அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. மதுரைக்காரரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேனே என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்கள். காபி குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். அண்ணாச்சி எங்கள் வீட்டில் காபி குடிக்காமல் போனது இதுதான் முதல் தடவை.

அத்தான் மறுபடியும் முறத்தை இழுத்துக்கொண்டு, "எப்படியோ, ஒளிக்கிறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல" என்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். உண்மை வெளியே வந்ததற்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

மே 31

கட்டு வரவில்லை.

ஜூன் 1

வரவில்லை. தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்தேன்.

ஜூன் 3

அச்சகத்திலிருந்து சைக்கிளில் கட்டு வந்தது. மேலே எப்போதும் அண்ணாச்சி கையெழுத்தில் 'எபநேசர்' என்று மட்டும் இருக்கும். இன்று 'எபநேசர் வீட்டுக்கு' என்று இருந்தது. உள்ளே ஒரு துண்டுத் தாள்: "யார் கையோ, பக்கம் தேதிக்கு வந்தாகணும். நரம்பு டாக்டர் ஒருத்தர் மதுரையில இருக்காரு, விலாசம் பின்னால."

மதுரையிலிருந்து வந்தது படக்காரர் இல்லை, டாக்டர் விலாசம். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன்.

ஜூலை 8

மதுரைக்குப் போய் வந்தோம். நடுக்கம் நிற்காதாம், மாத்திரையில் கொஞ்சம் தணியுமாம். உயிருக்கு ஒன்றுமில்லை. பஸ்ஸில் வரும்போது அத்தான், இனிமேல் காபி போடுவது நான்தான், அரைத் தம்ளராக ஊற்றுவேன், தளும்பாது என்றார்கள். அரைத் தம்ளர் எனக்குப் போதும் என்றேன்.

இன்று முதல் கணக்கில் இரண்டு பெயரும் எழுதுகிறேன். அத்தான்: எந்த பலூன் எங்கே, எந்த வார்த்தையை எப்படி வெட்டுவது, எந்த முகம் சரியில்லை, எல்லாம். நான்: கை.

அக்டோபர் 17

அமெரிக்காவிலிருந்து பதில். நல்ல கனமான தாள். சார் வாசித்தார். மூன்றே வரி. அந்தப் பக்கங்களை வரைந்தவர்கள் யார் என்பதற்கு எங்களிடம் பதிவு எதுவும் இல்லை. படங்கள் கம்பெனியின் சொத்து. உங்கள் கடிதத்துக்கு நன்றி.

சார் மடித்துக் கொடுத்துவிட்டு, மனசைத் தளரவிடாதேம்மா என்றார். எனக்கு வருத்தம் அவர்களுக்காகத்தான். எத்தனை பக்கம் வரைந்திருப்பார்கள். ஒரு கணக்கிலும் இல்லாமல் போயிற்றே. எனக்காவது பிப்ரவரி முப்பது இருந்தது.

நவம்பர் 4

தீபாவளி மலர் நாளை பிளேட்டுக்குப் போகிறது. இதுவும் லெம்பெக் கதைதான். பூ இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

காலையில் அண்ணாச்சி வந்து காபி குடித்தார்கள். முதல் பக்கத்தில் பெயர் போடலாம் என்று இருக்கிறேன், உன் பெயரும் வரட்டும் என்றார்கள். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், அமெரிக்காவில் படம் வரைந்தவர்கள் பெயர் முதலில் வர வேண்டும். கம்பெனிக்காரன் சண்டைக்கு வருவானே என்றார்கள் அண்ணாச்சி.

"அவங்க கணக்குல பேரே இல்லன்னுதானே எழுதியிருக்காங்க அண்ணாச்சி. நம்ம கணக்குல இருக்கு."

அண்ணாச்சி தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இந்தம்மாகிட்ட பேசி ஜெயிக்க முடியாது எபநேசரு" என்று அத்தானிடம் சொல்லிப் போனார்கள்.

நான் நிப்பை எடுத்து வரியை எழுத உட்கார்ந்தேன். அத்தான் வந்து என் தோளைத் தொட்டு, எழுந்திரு என்றார்கள். அவர்களே உட்கார்ந்தார்கள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வலதுகையின் மணிக்கட்டை இடதுகையால் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நான்கு மணி நேரம். கூப்பிட்டபோது போய்ப் பார்த்தேன்.

சித்திரம்: சிட் லெம்பெக், பெயர் தெரியாத ஒருவர். தமிழ் எழுத்து, மை: எபநேசர், ஜெபக்கனி.

பெயர் தெரியாதவருக்குப் பக்கத்தில் ஒரு பூ. ஐந்து இதழ் என்று சொல்லியிருந்தேன், ஆறு வந்திருக்கிறது. எழுத்து எல்லாமே அலைகிறது. என் பெயரில்தான் அதிகம், கடைசியாக எழுதியதால் கை களைத்திருக்கும். வெள்ளைக் குப்பி திறந்தே இருந்தது. திருத்த ஐந்து நிமிஷம் போதும். அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குப்பியை மூடி வைத்தேன்.

இன்றைய கணக்கு: எழுத்து, ஒரு வரி. பூ, ஒன்று. அத்தான்: முழுவதும். நான்: இல்லை.